தங்கல் வீடுகளுக்கு உயிர்ச்செடியா, செயற்கைச் செடியா?

மலைவாழிடங்களிலும் கடற்கரையூர்களிலும் தம் வீட்டின் சில அறைகளை வெளியூர்ப் பயணிகளுக்கு ஓரிரு நாள் வாடகைக்கு விடும் வழக்கம் நம் நாட்டில் வேகமாகப் பரவி வருகின்றது. ஹோம்ஸ்டே என்று பொதுவாக வழங்கும் இத்தகைய வீடுகளை மத்திய சுற்றுலா அமைச்சகம் பதிவு செய்து, தங்கம், வெள்ளி என இரு வகையாகத் தரம் பிரிக்கும் திட்டம் ஒன்றும் உண்டு. ஒன்று முதல் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விடும் குடும்பங்களுக்கு உரியது அது. இவ்வீடுகளை நடத்துவோர் பெரும்பாலும் சிறு குடும்பத்தினர். மகளிர் குழுக்களும் இதில் ஈடுபடுகின்றன. சுகாதாரப் பணியாளர், தோட்டக்கலைப் பணியாளர், கிராமப் பணியாளர் ஆகியோர் இவ்வீடுகளுக்குச் செல்லும்போது அடிக்கடி எதிர்ப்படும் கேள்வி ஒன்று உண்டு: "அறையில் செடி வைக்கலாமா? வைப்பதாயின் உண்மைச் செடியா, பிளாஸ்டிக் செடியா?"

கேள்வி அற்பமானது போலத் தோன்றும். ஆயினும் தாவர உடலியல், கொசு ஒழிப்பு, நச்சியல், பிளாஸ்டிக் இரசாயனம் ஆகிய நான்கும் இதனுள் அடங்கியுள்ளன. தவறான விடையால் வரும் இழப்பும் சிறியதன்று. வாடிய செடியால் வருமானம் சிறிது குறையலாம். தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய நீரால் ஒரு தெருவுக்கே டெங்கு வரலாம்.

குடியிருக்கும் வீட்டிற்கும் இவ்வீட்டிற்கும் உள்ள வேறுபாடு

குடும்பத்தினர் நிலையாக வாழும் அறையில் செடியை நாள்தோறும் ஒருவர் பார்க்கிறார். இலை சோர்ந்தால் நீர் விடுகிறார்; வெயில் மிகுந்தால் நகர்த்துகிறார். வாடகைக்கு விடும் அறையில் நிலைமை வேறு. விருந்தினர் வரும் பருவத்தில் ஒவ்வொரு நாளும் புதியவர் ஒருவர் உள்ளே இருப்பார். பருவம் நீங்கியபின் இரண்டு வாரம், சில வேளை இரண்டு மாதம்கூட, அறை பூட்டிக் கிடக்கும். சன்னல் திரைகளும் மூடியிருக்கும். ஆகவே அச்செடி மாறி மாறி இருவகைத் துன்பத்திற்கு உள்ளாகின்றது: ஆள் இருக்கும்போது மிகுதியான நீர், ஆள் இல்லாதபோது நீரும் ஒளியும் இன்மை.

இவற்றுள் முன்னதே பெரிய தீங்கு என்றால் பலர் வியப்படைவர். அன்பு மிகுந்த விருந்தினர் ஒவ்வொருவரும் ஒரு குவளை நீரை ஊற்றிவிட்டுச் செல்கின்றனர். எஞ்சிய தேநீரை ஊற்றுவோரும் உளர். வேர் உயிர் வாழப் பிராணவாயு வேண்டும். மண் துகள்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகள் வழியாகவே அவ்வாயு வேரை அடைகின்றது. அவ்விடைவெளிகள் நீரால் நிரம்பிவிட்டால் வாயு ஊடுருவும் வேகம் ஏறக்குறைய பதினாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வேர் மூச்சுத் திணறி இறந்தபின் பூஞ்சைகள் அதனை அழுகச் செய்கின்றன. அழுகிய வேர் நீரை உறிஞ்ச இயலாமையால் இலை வாடுகின்றது. இலை வாடுவதைக் கண்ட அடுத்த விருந்தினர் இரக்கத்துடன் இன்னொரு குவளை நீர் ஊற்றுகின்றார்! "இச்செடிக்கு நீர் ஊற்ற வேண்டா, நாங்களே கவனித்துக்கொள்கிறோம்" என்று எழுதிய சிறு அட்டை ஒன்றைத் தொட்டியில் செருகி வைப்பது எந்த உரத்தையும்விடப் பயன் தரும்.

ஒளியே முதற் கணக்கு

பச்சையம் உள்ள செடி ஒளியின் துணைகொண்டு கரியமிலவாயுவிலிருந்தும் நீரிலிருந்தும் சர்க்கரையை ஆக்குகின்றது. அதே வேளையில் இரவும் பகலும் சுவாசித்து அச்சர்க்கரையைச் செலவிடுகின்றது. வரவும் செலவும் சமமாகும் ஒளி அளவை ஈட்டுப்புள்ளி என்பர். அவ்வளவிற்குக் குறைந்த ஒளியில் வைத்த செடி உடனே இறப்பதில்லை. தன் சேமிப்பைத் தின்று, ஒவ்வோர் இலையாக இழந்து, பல வாரங்களில் இறக்கின்றது. இதனாலேயே கடையில் வாங்கிய செடி முதல் மாதம் செழிப்பாக இருந்து, மூன்றாம் மாதம் மெலிந்து நிற்கும் காட்சியைக் காண்கிறோம். செடியை விற்றவர்மேல் குற்றமில்லை.

நம் கண் ஒளியை அளப்பதில் நம்மை ஏமாற்றக்கூடியது. நண்பகல் நேர்வெயிலில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் ஒளி உண்டு. திறந்த வெளியின் நிழலில் 10,000 லக்ஸ் இருக்கலாம். சன்னலருகே அறைக்குள் 1,000 முதல் 2,000 வரை. சன்னலிலிருந்து மூன்று மீட்டர் உள்ளே சென்றால் 100 அல்லது 200 லக்ஸ்தான். கண்ணின் பாவை விரிந்து தன்னைச் சரிசெய்து கொள்வதால் அந்த மூலையும் "நல்ல வெளிச்சமான இடம்" என்றே நமக்குத் தோன்றுகின்றது. செடிக்கோ அது முன்பு பெற்ற உணவில் நூற்றில் ஒரு பங்குதான். இப்போது கைப்பேசியிலேயே லக்ஸ் அளக்கும் செயலிகள் கிடைக்கின்றன. அவை மிகத் துல்லியமானவை அல்லவெனினும் இக்காரியத்திற்குப் போதும். கருவி இல்லையேல், பகல் பத்து மணிக்கு வெள்ளைத் தாளின்மேல் ஒரு சாண் உயரத்தில் கையைப் பிடித்து நிழலைப் பார்க்கவும். விரல்களின் விளிம்பு தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலான வீட்டுச் செடிகள் அங்கு வாழும். நிழல் மங்கலாகக் கலைந்து தெரிந்தால், குறைந்த ஒளியைத் தாங்கும் சிலவே வாழும். நிழலே விழாத இடத்தில் உயிர்ச்செடி வைத்தல் தகாது. சன்னலில்லாத குளியலறையில் பெரணி வைத்து அழகு பார்க்க விரும்புவோரிடம் இதனை உறுதியாகச் சொல்லிவிடலாம்.

தாங்குதிறன் மிக்க சில செடிகள்

குறைந்த ஒளியையும் நீர் இன்மையையும் ஒருங்கே பொறுக்கும் செடிகள் மிகச் சிலவே. அவற்றுள் முதலிடம் பாம்புச்செடிக்கு உரியது. நம் நாட்டு மருள் இதன் நெருங்கிய உறவு. வில் நாணுக்கு நார் தந்த பழைய செடி அது. பாம்புச்செடி பகலில் தன் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமிலவாயுவைச் சேமித்து வைத்து, மறுநாள் ஒளியில் அதனைச் சர்க்கரையாக்குகின்றது. பகல் வெப்பத்தில் துளைகள் மூடியிருப்பதால் நீராவிப் போக்கு மிகக் குறைவு. மூன்று வாரம் பூட்டிய அறையில் இதனை விட்டுச் சென்றாலும் கவலையில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இசட் இசட் செடி மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போன்ற தண்டுகளில் நீரைச் சேர்த்து வைக்கின்றது. தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஸ்பைடர் பிளாண்டின் சதைப்பற்றுள்ள வேர்களும் இவ்வாறே பயன்படும். ஜப்பானியத் தீவுகளைச் சேர்ந்த அஸ்பிடிஸ்ட்ரா மற்றொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கரி வாயு விளக்குகளின் புகையும் இருளும் நிறைந்த ஆங்கிலேயர் இல்லங்களில் வேறெந்தச் செடியும் நிலைக்காதபோது இது நிலைத்தது. வார்ப்பிரும்புச் செடி என்றே பெயர் பெற்றது. குளிரையும் தாங்குவதால் டார்ஜீலிங், முசூரி போன்ற மலையூர்களுக்கு இதனையே பரிந்துரைக்கலாம். முன் சொன்ன வெப்ப மண்டலச் செடிகள் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே நெடுநேரம் நின்றால் செல்லின் சவ்வுகள் பழுதுற்று நீர்க்கோத்தாற்போல் கறுத்துவிடும்.

லடாக்கின் நிலைமை தனியானது. குளிர்காலத்தில் வெளியே உறைநிலைக்குப் பல பாகை கீழே சென்றாலும், தெற்கு நோக்கிய கண்ணாடிப் பலகணி உள்ள அறையில் பகலில் நல்ல வெயிலும் வெப்பமும் உண்டு. இமயமலை ஊர்கள் பலவற்றில் பழைய எண்ணெய்த் தகரங்களில் ஜெரேனியம் செடி பூத்துக் குலுங்குவதைக் காண்கிறோமே, அது அங்குள்ளோர் அனுபவத்தால் கண்டறிந்த தேர்வு. அத்தகைய இடத்தில் வெளியூர் நாற்றங்காலிலிருந்து செடி தருவிப்பதைவிட அண்டை வீட்டாரிடம் ஒரு கிளை கேட்டு வாங்குவதே அறிவுடைமை. ஜைசல்மேர்ப் பக்கத்தில் சோற்றுக்கற்றாழையும், குடகில் முற்றத்துப் பெரணியும் அவ்வாறே.

அறைக்கு இரண்டு செடிகளாக வாங்கி, ஒன்று அறைக்குள்ளும் ஒன்று வீட்டின் பின்புறத்து நிழலிலுமாக வைத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றி வைக்கும் முறை மிகச் சிறந்தது. ஆயினும் பைகஸ் பெஞ்சமினா போன்ற சில செடிகள் இடமாற்றத்தையே பொறுக்காமல் இலைகளைக் கொட்டிவிடும். இம்முறைக்கு அவை உதவா.

காற்றைத் தூய்மை செய்யுமா?

பாம்புச்செடியும் மணி பிளாண்டும் அறைக்காற்றின் நஞ்சை உறிஞ்சும் என்னும் செய்தி நாடெங்கும் பரவியுள்ளது. இதன் மூலம், அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் உவுல்வெர்ட்டன் என்பவர் தலைமையில் நடந்து 1989-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி. காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செடியை வைத்து பென்சீன், பார்மால்டிஹைடு முதலிய ஆவிகளைச் செலுத்தியபோது அவற்றின் அளவு குறைந்தது. ஆய்வில் பிழையில்லை. பெட்டியை வீடாக எண்ணியதில்தான் பிழை. வீட்டில் கதவிடுக்கிலும் சன்னலிடுக்கிலும் காற்று ஓயாது மாறிக்கொண்டே இருக்கின்றது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் இத்தகைய பல சோதனைகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகளைக் கொண்டு செய்ய வேண்டுமாயின், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வேண்டும். கட்டில் போட இடமிராது. சன்னலைத் திறந்து வைப்பது எளிது.

இதற்கு நேர்மாறான அச்சமும் உண்டு. இரவில் செடி கரியமிலவாயுவை வெளிவிடுவதால் படுக்கையறையில் வைத்தல் ஆபத்து என்று பள்ளிப் பிள்ளைகள் கூறக் கேட்டிருக்கலாம். ஆசிரியர்கள் இதனைக் கணக்காகவே செய்து காட்டலாம். உறங்கும் மனிதர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் வெளிவிடும் கரியமிலவாயு ஏறத்தாழ 15 லிட்டர். அரைச் சதுர மீட்டர் இலைப்பரப்புள்ள ஒரு தொட்டிச்செடி இருளில் வெளிவிடுவது ஒரு லிட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே. அறையில் உடன் உறங்கும் ஒருவரால் வரும் "ஆபத்து", அச்செடியால் வருவதைவிட எழுநூறு மடங்குக்கும் மேற்பட்டது என்றாகும்.

பசுமை மனத்திற்கு இதம் தரும் என்பது வேறு செய்தி. அதற்குச் சான்று உண்டு. ரோஜர் உல்ரிக் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட நோயாளிகளுள், சன்னல் வழியே மரங்களைக் காண முடிந்தவர்கள், செங்கற்சுவரை மட்டுமே கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. அங்கு அவர்கள் கண்டது தொட்டிச்செடியை அன்று, வெளியே நின்ற மரத்தை. கட்டிலைத் திருப்பிப் போட்டு, விருந்தினர் கண் விழித்ததும் வெளியே உள்ள பலா மரம் தெரியும்படி செய்தால் செலவில்லாமலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

கொசுவும் செடித்தொட்டியும்

களப்பணியாளர் தம் முழுக் கவனத்தையும் செலுத்த வேண்டிய பகுதி இதுவே. டெங்கு நோயைப் பரப்பும் ஏடிஸ் எகிப்தி என்னும் கொசு சாக்கடை நீரைத் தேடிச் செல்வதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் சிறு கலங்களில் தேங்கும் தெளிந்த நீரையே அது நாடுகின்றது. தொட்டியின் அடியில் வைக்கும் தட்டும், மணி பிளாண்ட் வளர்க்கும் கண்ணாடிப் புட்டியும் அதற்கு ஏற்ற இடங்கள். பெண் கொசு முட்டைகளை நீரின்மேல் இடுவதில்லை. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, கலத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டுகின்றது. அம்முட்டைகள் உலர்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மீண்டும் நீர் ஏறி முட்டை நனையும்போது புழு வெளிவருகின்றது. வெப்பமான நாட்களில் ஏழு முதல் பத்து நாட்களில் அது சிறகுள்ள கொசுவாகிவிடும்.

இதனைத் தங்கல் வீட்டின் நாட்காட்டியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். விருந்தினர் ஞாயிறன்று புறப்படுகின்றனர். தட்டில் ஒரு விரற்கடை நீர் நிற்கின்றது. அடுத்த விருந்தினர் வருவது பன்னிரண்டு நாள் கழித்து. பூட்டிய அறைக்குள் ஒரு தலைமுறைக் கொசு முழுதாக வளர்ந்து முடிகின்றது. புதிய விருந்தினரே அதற்கு முதல் உணவு. அவ்விருந்தினர் டெங்குக் கிருமியைத் தம் ஊரிலிருந்தே இரத்தத்தில் கொண்டுவந்தவராயின், அக்கொசுக்கள் அதனை அண்டை வீடுகளுக்கும் எடுத்துச் செல்லும். பல ஊர்களிலிருந்து மக்கள் வந்து போகும் வீடு என்பதால் இது வெறும் கற்பனையன்று.

வழி எளிது. அடித்தட்டே இல்லாமல் இருப்பது நன்று. தரை கறைபடும் என்றால், தட்டின் விளிம்புவரை பருமணலை நிரப்பிவிட வேண்டும். நீர் மணலுக்குள் நிற்கும், திறந்த நீர்ப்பரப்பு இராது. புட்டியில் வளரும் மணி பிளாண்டை மண் தொட்டிக்கு மாற்றுவது உத்தமம். மாற்ற விரும்பாதவர் புட்டியின் வாயைப் பஞ்சினால் இறுக அடைக்க வேண்டும். வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேங்காய் நாரினால் அழுத்தித் தேய்த்தாலன்றி முட்டைகள் போகா. பரிசோதனைக்குச் செல்லும் பணியாளர் தட்டைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்க்கும் பழக்கம் உடையவராதல் வேண்டும். மேலிருந்து பார்த்தால் இலை மறைத்துவிடும்.

பிளாஸ்டிக் செடி வைத்தால் இத்தொல்லை இல்லையே எனலாம். அறைக்குள் அது உண்மை. திறந்த தாழ்வாரத்தில் மழைபடும் இடத்தில் வைத்த பிளாஸ்டிக் பூவின் கிண்ணமும், அது செருகியுள்ள வெற்றுத் தொட்டியும் கொசுவுக்கு வேறுபாடு தெரியாத நீர்க்கலங்களே. அத்தகைய தொட்டியின் அடியில் துளையிட்டாக வேண்டும்.

குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில்

டீபன்பாக்கியாவின் இலைகளில் வெண்புள்ளி படர்ந்திருப்பது மிக அழகு. ஆனால் அதன் திசுக்களில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கட்டுக்கட்டாக அடங்கியுள்ளன. இலையை மென்றால் அவை நாவிலும் கன்னத்திலும் குத்தி, வாய் எரிந்து வீங்கிப் பேச்சே வராமற் போகலாம். கருணைக்கிழங்கின் காறலை அறிந்தோர்க்கு இது புதிதன்று. இரண்டும் ஒரே குடும்பம். மணி பிளாண்டும் இசட் இசட் செடியும் அக்குடும்பத்தினவே, கடுமை குறைந்தவை. பாம்புச்செடியை மென்றாலும் குமட்டல் வரலாம். அரளி இதயத்தையே தாக்கும் நஞ்சு. அறையிலோ முற்றத்திலோ குழந்தையின் கைக்கு எட்டும்படி அது இருத்தலாகாது. வீட்டுக் குழந்தைக்கு எச்செடியைத் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருப்போம். விருந்தினரின் குழந்தைக்கு யார் சொல்லியிருப்பர்? ஐயமுள்ள இடத்தில் ஸ்பைடர் பிளாண்ட், அஸ்பிடிஸ்ட்ரா, பெரும்பாலான உள்ளறைப் பனைகள் ஆகிய தீங்கற்றவற்றைத் தேர்ந்து கொள்க.

செயற்கைச் செடியின் இயல்பு

செயற்கைப் பூவின் வரலாற்றில் இருண்ட பக்கம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸிலும் இலண்டனிலும் செய்யப்பட்ட துணி இலைகளுக்குப் பசுமை ஊட்டியது செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த சாயம். 1861-இல் இலண்டனில் மட்டில்டா ஷூரர் என்னும் பத்தொன்பது வயதுத் தொழிலாளிப் பெண் அப்பச்சைத் தூளைச் சுவாசித்து நஞ்சேறி இறந்தபோதுதான் பொதுமக்கள் கவனம் அதன்பால் திரும்பியது.

இக்காலத்துச் செயற்கைச் செடிகள் பாலிஎதிலீன், பி.வி.சி., பாலியெஸ்டர்த் துணி ஆகியவற்றால் ஆனவை. அவை "என்றும் வாடாதவை" என்று விற்கப்பட்டாலும், வாடாமல் இருப்பதில்லை. வேறு வகையில் வாடுகின்றன. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்கின்றன. பிராணவாயு அறுந்த முனைகளைத் தாக்குகின்றது. நிறம் வெளிறி, இலை விறைத்து, தொட்டால் நொறுங்கும் நிலை வருகின்றது. சாதாரண சன்னல் கண்ணாடி இக்கதிர்களுள் கடுமையானவற்றைத் தடுத்தாலும் எஞ்சியவற்றை உள்ளே விடும். ஆகவே உயிர்ச்செடிக்கு உகந்த சன்னலோரம் செயற்கைச் செடிக்கு உகாதது. செயற்கைச் செடிக்கு உகந்த இருண்ட மூலை உயிர்ச்செடிக்கு உகாதது. தேர்வின் பெரும்பகுதி இவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

நொறுங்கிய துகளும் எண்ணத்தக்கது. பி.வி.சி.யை நிலைநிறுத்துவதற்கு ஈயச் சேர்மங்களைச் சேர்ப்பதுண்டு. 1996-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், இறக்குமதியான வினைல் சன்னல் மறைப்புகள் வெயிலில் சிதையும்போது அவற்றின் மேற்பரப்பில் ஈயத்தூள் படிவதைக் கண்டு எச்சரித்தது. பெயரும் விவரமும் அச்சிடாத மலிவான பி.வி.சி. கொடிகளைக் குழந்தைகள் தங்கும் அறையில் தொங்கவிடாமை நலம்.

அடுத்தது தூசி. பிளாஸ்டிக் மின்கடத்தாப் பொருளாகையால் உராய்வினால் ஏறும் மின்னூட்டம் அதன்மேலேயே நின்று தூசியை ஈர்க்கின்றது. இராஜஸ்தானத்திலோ, கோடைக்காலத் தில்லியிலோ, பத்து நாளில் பச்சை இலை சாம்பல் நிறமாகிவிடும். குடகில் வேறு வகை. மடிக்கேரியில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் காற்றின் ஈரம் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாது. அங்கு துணி இலைமேல் படிந்த தூசியே பூஞ்சைக்கு உணவாகி, வெண்மையான படலம் பூத்து அறையில் முடைநாற்றம் வீசும். விலை சற்று அதிகமாயினும் நீரில் அமிழ்த்திக் கழுவத்தக்க பாலிஎதிலீன் இலைகளையே வாங்குதல் வேண்டும். மாதம் ஒருமுறை சவர்க்கார நீரில் அலசி நிழலில் உலர்த்த ஆள் இல்லையெனில், அவ்வீட்டாருக்குச் செயற்கைச் செடியும் பயன்படாது.

நெருப்பைப் பற்றியும் ஒரு சொல். பாலிஎதிலீனும் பாலியெஸ்டரும் உருகிச் சொட்டி எரியும், பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அமில வாயு தோன்றி மூச்சை அடைக்கும். கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, மலையூர்களின் விறகு அடுப்பு, மின் கணப்பு இவற்றின் அருகே செயற்கைக் கொடியைப் படரவிடுதல் கூடாது. வெளியேறும் வழியான படிக்கட்டின் கைப்பிடியில் சுற்றுவது எல்லாவற்றினும் கேடு.

நெட்டியும் கிளிசரினும்

பிளாஸ்டிக் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் நாட்டில் வாடாத பூ இருந்தது. வங்காளம், அஸ்ஸாம், ஒடிசா ஆகிய பகுதிகளின் சதுப்பு நீரில் வளரும் சோலாச் செடியின் தண்டை மெல்லிய தாளாகச் சீவி, வங்கத்து மாலாகார் குலத்தார் மல்லிகையும் தாமரையும் செய்வர். துர்க்கை படிமத்தின் வெண்ணிற அணிகளும், மணமக்களின் முடியும் இப்பொருளால் ஆனவை. வெள்ளைக்காரர் அணிந்த சோலாத் தொப்பியும் இதுவே. தமிழில் இதனை நெட்டி என்பர். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டிற்கு 2020-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இருண்ட கூடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்த நெட்டித் தாமரை பல ஆண்டு நிற்கும். உடைந்தால் மண்ணில் மக்கும். அந்த ஊர்க் கைவினை என்று விருந்தினரிடம் சொல்லவும் ஒரு செய்தி கிடைக்கும். ஈரத்தை ஈர்ப்பதும் எளிதில் தீப்பற்றுவதும் அதன் குறைகள்.

இலைகளைக் கிளிசரினில் பதப்படுத்துவது மற்றொரு முறை. ஒரு பங்கு கிளிசரினை இரண்டு பங்கு வெந்நீரில் கலந்து, முதிர்ந்த யூகலிப்டஸ் கிளையின் அடியை நசுக்கி அதில் இரண்டு மூன்று வாரம் நிறுத்தினால், இலையிலுள்ள நீரின் இடத்தைக் கிளிசரின் பிடித்துக்கொள்ளும். பசுமை மாறிப் பழுப்பாகும். ஆனால் இலை உதிராது, நொறுங்காது. கடற்கரை ஊர்களில் இதனைச் செய்ய வேண்டா. கிளிசரின் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இலைமேல் வியர்த்துச் சொட்டும்.

ஆள் இல்லாத நாட்களுக்கு ஏற்பாடு

கவனிப்பாரின்றிச் செடியை உயிரோடு வைத்திருக்கும் கலைக்கு ஒரு முன்னோடி உண்டு. 1829-ஆம் ஆண்டையொட்டி இலண்டன் மருத்துவர் நதானியல் வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு ஒரு மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்தார். அதில் அவர் எண்ணாத பெரணி ஒன்று முளைத்து ஆண்டுக்கணக்கில் தழைத்தது. இலை விட்ட நீராவி கண்ணாடியில் குளிர்ந்து மீண்டும் மண்ணுக்கே வடிந்தமையே காரணம். இதன் விளைவாகப் பிறந்த வார்டுப் பெட்டிகளில்தான் ராபர்ட் பார்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இமயமலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார். 1861-இல் சின்கோனாக் கன்றுகள் உதகமண்டலம் வந்து சேர்ந்ததும் இவ்வாறே. பெரிய கண்ணாடிச் சாடியில் சிறு பெரணியும் பாசியும் நட்டு மூடிவைத்தால், நேர்வெயில் படாத சன்னலோரத்தில் அது மாதக்கணக்கில் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். கொசு உள்ளே புகவும் வழியில்லை.

தொட்டிச்செடிகளுக்குத் திரிநீர்ப்பாசனம் பொருந்தும். இதனைப் பள்ளியில் மாணவர்களைக் கொண்டே செய்து பார்க்கலாம். தொட்டிக்கு நன்றாக நீர் ஊற்றி, வடிந்தபின் தராசில் நிறுக்கவும். மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் நிறுக்கவும். 60 கிராம் குறைந்திருப்பின் 60 மில்லிலிட்டர் நீர் போய்விட்டது என்று பொருள். பதினான்கு நாளுக்கு 840 மில்லிலிட்டர் வேண்டும். ஆகவே ஒரு லிட்டர் கொள்ளும் மூடியுள்ள டப்பாவின் மூடியில் துளையிட்டு, நைலான் கயிற்றின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைத் தொட்டியின் அடித்துளை வழியாக மண்ணுக்குள்ளும் செலுத்திவிட்டால் போதும். நுண்புழை ஏற்றத்தால் மண் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். பருத்தித் திரி சில வாரங்களில் மக்கிவிடும். மூடியின் துளை கயிற்றை இறுகப் பிடிக்க வேண்டும். தளர்ந்த துளை கொசுவுக்கு வாயிலாகும். ஒரே வகைச் செடியைச் சன்னலோரத்தில் ஒன்றும் மூலையில் ஒன்றுமாக வைத்து இரண்டின் நீர்ச்செலவையும் ஒப்பிட்டால், மூலைச்செடி பாதிகூடச் செலவிடவில்லை என்பதை மாணவர் கண்டு கொள்வர். இரண்டிற்கும் ஒரே அளவு நீர் ஊற்றும் வழக்கம் ஏன் தவறு என்பது அப்போது தானே விளங்கும்.

பாம்புச்செடிக்கும் இசட் இசட் செடிக்கும் திரி வைக்கலாகாது. அவை காய்வதையே விரும்புகின்றன.

கழித்துக் கட்டும் செடிகளை எங்கே போடுவது என்பதும் பார்க்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்திற்கு அலங்காரச் செடியாக வந்த உண்ணிச்செடி இன்று நம் காடுகளின் பெரும் பரப்பை மூடியிருக்கின்றது. ஆகாயத்தாமரையும் அழகுக்காக வந்ததே. மணி பிளாண்டு வெப்ப மண்டலக் காடுகள் பலவற்றில் மரங்களை மூடி ஏறியிருக்கின்றது. காட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் உள்ள தங்கல் வீட்டார் கத்தரித்த கொடிகளை வேலிக்கு வெளியே எறிதல் ஆகாது. துண்டுகளைப் பாறைமேல் சில நாள் வெயிலில் நன்கு உலர்த்தியபின்னரே குழியில் இட்டு மூட வேண்டும். ஒரு கணு ஈரமாக இருப்பினும் அது வேரூன்றிவிடும்.